ஊசி முனையிலே ஒரு கண்

நம் ஊர்த் தெருக்களிலே நடக்கும்போது ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். வீட்டின் முன்னறை, சாளரத்தையொட்டி ஒரு தையல் இயந்திரம், அதன் முன்னே ஒரு பெண். வாசலிலே, 'இங்கு ரவிக்கை தைத்துத் தரப்படும்' என்று எழுதிய சிறு பலகை. கால் மிதிக்கிறது, சக்கரம் சுழல்கிறது, ஊசி ஓடுகிறது. அந்த ஓசையைக் காதிலே வாங்கியபடியே நாம் கடந்து போய்விடுகிறோம்.

அந்த ஓசைக்குள்ளே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. எந்த மன்னன் எந்த ஆண்டிலே முடிசூடினான், எத்தனை யானைகளோடு படையெடுத்தான் என்பதையெல்லாம் பள்ளியிலே மனப்பாடம் செய்தோம். ஊசிக்கு இயந்திரம் எப்போது வந்தது, அதை யார் எதிர்த்தார், யார் உடைத்தார், யார் பயன்பெற்றார் என்று எந்தப் பாடப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. மன்னனின் மணிமுடி வரலாறு தெரிகிறது. நம் உடலிலே கிடக்கும் சட்டையின் வரலாறு தெரியவில்லை!

தமிழிலே 'தையல்' என்றால் தைக்கும் தொழில். பெண் என்றும் அதற்குப் பொருள் உண்டு. சொல்லிலே இரண்டும் ஒன்றாயிருக்கலாம், வாழ்விலே ஒன்றாயில்லை. மேலை நாட்டிலே ஊசி பெண்ணைப் பற்றிக்கொண்டு வாட்டியது. நம் நாட்டிலோ தையற்கடையும் அதன் வருவாயும் ஆணுக்கு. கிழிசலை மூட்டும் கூலியில்லா வேலை பெண்ணுக்கு. இந்த நிலையை மாற்ற வந்த கருவிதான் தையல் இயந்திரம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இயந்திரம் பிறந்த நாள் வேறு; அது வீடு புகுந்த நாள் வேறு; அதனால் பெண் விடுதலை பெறும் நாள் வேறு. மூன்றையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் உண்டு. அந்த மயக்கத்தைத் தெளிவிக்கவே இக்கட்டுரை.

ஊசி தின்ற பொழுது

இயந்திரம் வருமுன் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆண்மகனின் சட்டையைக் கையால் தைத்து முடிக்க 14 மணி 26 நிமிடம் ஆகும். இயந்திரத்தால் தைக்க 1 மணி 16 நிமிடம் போதும். இது 1860களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் வீலர்–வில்சன் நிறுவனம் வெளியிட்ட கணக்கு. விற்பவன் தந்த கணக்காயிற்றே என்று சற்றே குறைத்துக்கொண்டாலும், ஒரு சட்டைக்கு ஒரு முழுப் பகற்பொழுது என்பதிலே ஐயமில்லை. கணவனுக்கு, பிள்ளைகளுக்கு, தனக்கு என்று ஒரு குடும்பத்தின் உடை முழுவதையும் ஒருத்தியே தைக்க வேண்டும். அவளுடைய ஆண்டிலே எத்தனை நாளை ஊசி விழுங்கியிருக்கும்!

தன் வீட்டுக்குத் தைத்தவள் நிலை இது. கூலிக்குத் தைத்தவள் நிலையோ இதனினும் கொடிது. 1843-ஆம் ஆண்டு இலண்டனிலே 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ், கூலிக்குச் சட்டை தைத்து நலியும் ஏழைப் பெண்ணைப் பற்றித் தாமஸ் ஹூட் எழுதிய பாடலை வெளியிட்டது. சிரிக்க வாங்கிய இதழிலே சீமாட்டிகள் கண்ணீரைக் கண்டனர். விளக்கொளியிலே கண் மங்கி, குனிந்து குனிந்து முதுகு கூனி, விடிய விடியத் தைத்தவளுக்கு வயிறு நிறையக் கூலி இல்லை. மதக் குருமார்கள் அவளுக்குப் பொறுமையைப் போதித்தனர். அவளுக்கு வேண்டியிருந்தது போதனையன்று; கூலியும் ஒரு கருவியும்.

கையைப் பின்பற்றியவரை தோல்விதான்

அந்தக் கருவியைச் செய்ய முயன்றவர்கள் பலர். 1790-இலேயே தாமஸ் செயின்ட் என்னும் ஆங்கிலேய மரத்தச்சர் ஒருவர் தையல் இயந்திரத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். தோலையும் காலணியையும் பற்றிய பட்டயங்களோடு சேர்ந்து அந்த வரைபடம் உறங்கிப் போயிற்று. 1874-இலே நியூட்டன் வில்சன் என்பவர் அதைத் தற்செயலாகக் கண்டெடுத்தபோது 84 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏட்டிலே இருந்த அறிவு நாட்டிலே நடமாடாவிட்டால் என்ன பயன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பலர் ஏன் தோற்றனர்? காரணம் சிந்திக்கத் தக்கது. மனிதக் கை எப்படித் தைக்கிறதோ அப்படியே இயந்திரமும் தைக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். கையூசிக்குக் கண் அடியிலே இருக்கும். முனை துணியைத் துளைக்கும். ஊசி முழுவதும் துணிக்கு மறுபுறம் போய், மீண்டும் திரும்பி வரும். 'ஊசியென்றால் கண் அடியில்தான் இருக்க வேண்டும். அதுதானே தொன்றுதொட்டு வரும் முறை!' என்ற எண்ணம் அறிவைக் கட்டிப் போட்டது. அடியில் இருந்த கண்ணை முனைக்குக் கொண்டுவந்தபோதுதான் வழி திறந்தது. முனையிலே கண் இருந்தால் ஊசி முழுவதும் துணியைக் கடக்க வேண்டியதில்லை. நுனி மட்டும் நுழைந்து நூலைக் கொடுத்துவிட்டு மேலேறிவிடலாம். கீழே காத்திருக்கும் இரண்டாவது நூல் அதிலே பூட்டிக்கொள்ளும். இதுவே பூட்டுத் தையல். இன்று நம் வீட்டு இயந்திரம் போடும் தையலும் இதுதான்.

நியூயார்க் நகரிலே வால்டர் ஹண்ட் என்பவர் 1830களின் முற்பகுதியில் இத்தகைய இயந்திரம் ஒன்றை அமைத்தார். ஆனால் பட்டயம் பெறவில்லை. தையற்காரப் பெண்களின் பிழைப்புப் பறிபோகுமே என்று அவர் மகள் தடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்து வந்தவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த இலியாஸ் ஹோவ். இவர் ஆய்விலே மூழ்கியிருந்த காலத்திலே, இவர் மனைவி கூலிக்குத் தைத்துக் குடும்பத்தைக் காத்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1845-இலே பாஸ்டன் நகரில், ஐந்து தையற்பெண்கள் ஒருபுறம், தம் இயந்திரம் மறுபுறம் என்று போட்டி வைத்து ஹோவ் வென்றார். 1846 செப்டம்பர் 10-இலே பட்டயமும் பெற்றார். கண்டவர் வியந்தனர், வாங்குவார்தான் இல்லை. இங்கிலாந்து சென்று அங்கும் வறுமையே கண்டு திரும்பினார். திரும்பிய சில நாளிலே மனைவி மாண்டார். எந்த ஊசியின் சுமையைக் குறைக்க இயந்திரம் பிறந்ததோ, அந்த ஊசியாலே உழைத்தவர் அதன் பயனைக் காணாமலே மறைந்தார்.

ஹோவுக்கு ஊசிமுனைக் கண் கனவிலே தோன்றியதாக ஒரு கதை உலவுகிறது. காட்டு மனிதர் ஈட்டிகளோடு வந்தார்களாம். ஈட்டி முனைகளிலே ஓட்டை இருந்ததாம்! கண்டுபிடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கனவையோ தெய்வ அருளையோ ஒட்டவைப்பதிலே மக்களுக்கு ஓர் ஆசை. ஹோவுக்கு முன்னரே ஹண்ட் அதே கண்ணை முனையிலே வைத்தாரே, அவருக்கு எந்தக் கனவு வந்தது? பட்டறையிலே பல நாள் பாடுபட்டவனுக்கு வந்த விடையைப் படுக்கையிலே வந்த வரமாக்குவது, உழைப்பை மறைக்கும் வேலையன்றோ!

உடைத்தவர்கள் மூடர்களா?

அமெரிக்காவிலே இவை நடக்குமுன்னரே பிரான்சிலே ஓர் இயந்திரம் ஓடிற்று, ஓடியதோடு உடைக்கவும்பட்டது. பார்த்தெலெமி திமோனியே என்னும் ஏழைத் தையற்காரர் 1830-இலே சங்கிலித் தையல் போடும் இயந்திரத்துக்குப் பட்டயம் பெற்றார். பாரிசிலே 80 இயந்திரங்களோடு படைவீரர்க்கு உடை தைக்கும் தொழிற்கூடம் அமைந்தது. 1831-இலே தையற்காரர்கள் திரண்டு வந்தனர். இயந்திரங்களை அடித்து நொறுக்கினர். உழைத்துக் கண்டுபிடித்த அந்த மனிதர் 1857-இலே வறியவராகவே இறந்தார்.

இதைப் படித்ததும், 'அறிவற்ற கூட்டம் அறிவை அழித்தது' என்று தீர்ப்புக் கூறத் தோன்றும். பொறுங்கள். அந்தத் தையற்காரர்கள் இரும்பை வெறுத்தவர்களல்லர், பட்டினிக்கு அஞ்சியவர்கள். இயந்திரத்தால் மிச்சமாகும் பொழுதிலே தமக்கு ஓய்வு கிடைக்கும் என்று அவர்களுக்கு யாராவது உறுதி கூறினார்களா? கூலி குறையாது என்று சட்டம் இருந்ததா? இல்லை. இயந்திரம் யாருடையதோ, மிச்சமும் அவனுடையது. அவர்கள் செய்த பிழை, எதிரி யார் என்று அறியாமல் கருவியைத் தாக்கியதுதான்.

தவணையிலே வந்த புரட்சி

இனி ஐசக் சிங்கர் வருகிறார். இவர் நாடக நடிகர். ஊர் ஊராகச் சுற்றியவர். 1850-இலே பாஸ்டன் பட்டறை ஒன்றில் பழுதுபட்ட தையல் இயந்திரத்தைக் கண்டார். 40 டாலர் செலவில் 11 நாளிலே திருத்தியமைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1851 ஆகஸ்டு 12-இலே பட்டயம் பெற்றார். முதலிலே இந்த வேலையில் இறங்க அவர் தயங்கினாராம். ஏன் தெரியுமா? பெண்களை வாய்மூடி இருக்கச் செய்யும் ஒரே வேலையையும் ஒழித்துவிடப் போகிறீர்களா என்ற பொருளிலே கேலி பேசினாராம்! இயந்திரம் செய்த கையிலும் பெண்ணைப் பற்றிய பழைய எண்ணம் எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது பாருங்கள்.

சிங்கரின் இயந்திரத்திலே ஊசி நேராக மேலும் கீழும் இயங்கிற்று. துணி படுக்கையாகக் கிடந்தது. காலால் மிதித்து ஓட்டும் வசதி வந்தது. கால் ஓட்டியதால் இரு கைகளும் துணியை நடத்த விடுதலை பெற்றன. ஆனால் ஊசிமுனைக் கண் ஹோவின் பட்டயத்துக்குள் இருந்தது. வழக்குகள் எழுந்தன. 1854-இலே ஹோவ் வென்றார். 1856-இலே முதன்மை நிறுவனங்கள் யாவும் தம் பட்டயங்களை ஒன்றாய்க் கூட்டி, பிறரிடம் உரிமைப் பணம் வாங்கத் தலைப்பட்டன. வறுமையில் வாடிய ஹோவ் பெருஞ்செல்வராகி 1867-இலே மறைந்தார். முதலாளிகள் தம்முள் சண்டையிட்டால் இழப்பு என்று அறிந்ததும் கூட்டணி அமைத்துக்கொண்டனர். 'ஒற்றுமையே பலம்' என்னும் உண்மையைத் தொழிலாளிக்கு மறுப்பவர்கள், தமக்கு மட்டும் எவ்வளவு விரைவிலே கற்றுக்கொள்கிறார்கள்!

இயந்திரம் பிறந்துவிட்டது. வீட்டுக்குள் எப்படி நுழைவது? விலை 100 டாலருக்கு மேல். எளிய குடும்பத்தின் பல மாத வருமானம். சிங்கரின் கூட்டாளி எட்வர்டு கிளார்க் 1856-இலே வழி கண்டார்: சிறு தொகையை முன்னே கட்டு, இயந்திரத்தைக் கொண்டு போ, மீதியை மாதத் தவணையிலே செலுத்து. 1855-இலே 883 இயந்திரம் விற்ற நிறுவனம் 1856-இலே 2,564 விற்றது. இயந்திரம் வீடு புகுந்த நாள் என்று நாம் குறிக்க வேண்டியது இந்த ஆண்டைத்தான். உலோகத்திலே நிகழ்ந்த கண்டுபிடிப்பைவிடக் கணக்கேட்டிலே நிகழ்ந்த இந்தக் கண்டுபிடிப்பே இயந்திரத்தைப் பெண்ணிடம் சேர்த்தது.

எதிர்ப்பு இல்லாமலா? 'பெண்ணுக்கு இயந்திரம் ஓட்டும் அறிவு ஏது?' என்றனர். விற்பனைக் கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னே இளம்பெண்களை அமர்த்தி ஓட்டிக் காட்டச் செய்து நிறுவனம் விடையளித்தது. 1860களிலே பிரெஞ்சு மருத்துவர் சிலர், மிதிபலகையை மிதித்தால் பெண்ணின் உடல்நலமும் ஒழுக்கமும் கெட்டுவிடும் என்று எழுதினர்! நள்ளிரவு வரை ஊசி பிடித்துக் கண் கெட்டபோது பேசாத மருத்துவம், பெண் உட்கார்ந்து காலால் மிதித்தபோது மட்டும் பேசிற்று. பெண்ணுக்கு வலிக்கும் வேலை இயற்கை, எளிதான வேலை கேடு என்பது பழமைவாதிகளின் பழைய பல்லவி. அது பாரிசுக்கும் பொது. நம் பக்கத்துக்கும் பொது.

தைத்த ஆடையும் தடையும்

நம் பக்கம் என்றோமே, அங்கே அதே ஆண்டுகளிலே நடந்தது என்ன? மேலை நாட்டிலே ஆடையை எப்படி விரைவாய்த் தைப்பது என்று போட்டி. தென் திருவிதாங்கூரிலே, இன்றைய குமரி மாவட்டப் பகுதியிலே, தைத்த ஆடையை யார் அணியலாம் என்று போராட்டம்! நாடார் முதலிய சமூகங்களின் பெண்கள் 'மேல்சாதியார்' முன்னே மார்பை மறைத்தல் குற்றம் என்பது அங்கே வழக்கம். கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டையை அணிந்தனர், கலகம் மூண்டது. 1822 முதல் 1859 வரை மூன்று கட்டமாக நடந்தது தோள்சீலைப் போராட்டம். தெருவிலே சட்டைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை 26-இலே அரசு அறிக்கை, நாடார் பெண்களின் உடையுரிமையை ஒப்புக்கொண்டது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற தடையோடுதான்!

சிங்கர் நிறுவனம் குடும்பத்துக்கென்றே சிற்றியந்திரத்தைச் செய்து விற்றதும் அந்த ஆண்டுகளிலேதான். ஒரு நாட்டிலே ஊசியின் வேகம் பெருகுகிறது. மற்றொரு நாட்டிலே ஊசி தைத்ததை உடலிலே போட உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. பொறி எவ்வளவு வளர்ந்தாலும் மனிதனை மனிதனாக மதிக்கும் நெறி வளராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே விடை.

சிங்கர் இயந்திரங்கள் 1870களிலே இந்தியச் சந்தைக்கு வந்தன. நெடுநாள் அவை தையற்காரரின் திண்ணையிலேயே இருந்தன. ரவிக்கை எல்லாப் பெண்களுக்கும் உரிய உடையாய்ப் பரவப் பரவ, வீட்டுக்குள்ளும் இயந்திரம் வந்தது. 1930களிலே கல்கத்தாவின் ஜெய் எஞ்ஜினியரிங் நிறுவனம் 'உஷா' இயந்திரத்தைச் செய்யத் தொடங்கிற்று. வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்காயிற்று.

ஆலையையும் இயந்திரத்தையும் கண்டித்து வந்த காந்தியாரே தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார் என்பது சுவையான செய்தி. 1924-இலே இராமச்சந்திரன் என்னும் இளைஞர் அவரிடம் வாதிட்டார். சிங்கர் இயந்திரம் பயனுள்ள சில பொறிகளுள் ஒன்று, மனைவியின் துன்பம் காணப் பொறாத அன்பிலே பிறந்தது என்றார் காந்தியார். இளைஞர் விடவில்லை: அந்த இயந்திரத்தைச் செய்ய ஆலை வேண்டுமே? ஆம், அத்தகைய ஆலைகள் அரசுடைமையாக வேண்டும் என்றார் காந்தியார். அன்பிலே பிறந்த கதை அழகானது, உண்மையன்று. சிங்கர் பல பெண்களோடு வாழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையானவர். பணத்தை நாடியே இயந்திரம் செய்தவர். எனினும் இளைஞர் கேட்ட கேள்வி உயர்ந்தது. பெற்ற விடையும் உயர்ந்தது. இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு, அது யாருக்குச் சொந்தம் என்ற இடத்திலே வந்து நின்றது.

இயந்திரத்தின் முன்னே அமர்வோம்

சொந்தம் என்பது பற்றுச்சீட்டு மட்டுமன்று. ஒரு கருவியின் இயக்கத்தை அறிந்தவரே அதற்கு உரியவர். அறியாதவர் அதற்கு அடிமை. ஆகவே இயந்திரத்தின் முன்னே சற்று அமர்வோம்.

முதலிலே இடம். நான்கு கால்களும் ஆடாமல் ஊன்றும் சமதரை வேண்டும். வெளிச்சம் ஊசியின்மேல் விழ வேண்டும். வலக்கை நிழல் தையலை மறைக்காதபடி இடப்புறம் சாளரம் இருப்பது நன்று. எந்தத் திசை நோக்கி வைப்பது என்று பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டா. வெளிச்சம் வரும் திசையே நல்ல திசை.

நூல் கோக்குமுன் கால் பழக வேண்டும். துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்து, கைச்சக்கரத்தின் மேற்புறம் நம்மை நோக்கி வருமாறு கையால் தள்ளி, அதே திசையிலே காலால் தொடர வேண்டும். சக்கரம் எதிர்த்திசையிலே சுழன்றால் நூல் சிக்கி அறும். குதிகாலும் விரலும் மாறி மாறி அழுத்தும் இந்தத் தாளம் ஓரிரு நாளிலே கைவரும், மன்னிக்க, கால்வரும்!

அடுத்தது ஊசி. அதன் ஒரு பக்கத்திலே நீண்ட பள்ளம் இருக்கும். நூல் எந்தப் பக்கமிருந்து கண்ணிலே நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்குமாறு, ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்க வேண்டும். ஊசி திரும்பியிருந்தால் தையலே விழாது. பின்னர் பாபினிலே நூலை ஒரே சீராய்ச் சுற்றி அதன் கூட்டிலே இடுவோம். நூலைப் பிடித்துக் கூட்டைத் தொங்கவிட்டால் அது விழாமல் நிற்க வேண்டும். இலேசாய் உதறினால் சிறிது இறங்க வேண்டும். அதுவே கீழ்நூலின் சரியான இறுக்கம். மேல்நூலைக் கோக்கும்போது பாதம் உயர்ந்திருக்கட்டும். அப்போதுதான் நூலை இறுக்கும் வில்லைகள் விரிந்து நூலை ஏற்கும். கோத்தபின் மேல்நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒருமுறை சுற்றினால், கீழ்நூல் வளையமாய் மேலே எழுந்து வரும். இரண்டையும் பாதத்தின் அடியிலே பின்புறமாய் இழுத்துவிட்டு, துணியை வைத்து, பாதத்தைத் தாழ்த்தித் தொடங்குவோம்.

உள்ளே நடப்பது என்ன? ஊசி இறங்கி மேலேறத் தொடங்கும் நொடியிலே நூல் தளர்ந்து சிறு கண்ணியாகிறது. கொக்கி அந்தக் கண்ணியைப் பற்றிப் பாபினைச் சுற்றிவிடுகிறது. மேலே உள்ள நெம்பு நூலை இழுக்கிறது; இரு நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. அடியிலே உள்ள பற்கள் துணியை ஓர் அடி முன்னே தள்ளுகின்றன. துணியை நடத்துவது அந்தப் பற்களின் வேலை. நாம் வழிகாட்டினால் போதும். பிடித்து இழுத்தால் ஊசி வளையும், ஒடியும்.

பழுது வந்தால் 'கண்பட்டுவிட்டது' என்று மிளகாய் சுற்றும் வீடுகள் உண்டு. கண்ணேறு என்று ஒன்றில்லை. காரணம் என்று ஒன்று உண்டு. துணியின் அடிப்புறத்திலே நூல் கண்ணி கண்ணியாய்த் தொங்குகிறதா? குற்றம் மேல்நூலிலே, கோத்த முறையையும் இறுக்கத்தையும் பாருங்கள். மேல்நூல் கம்பிபோல் நேராய்க் கிடக்கிறதா? அதன் இறுக்கம் மிகுதி, தளர்த்துங்கள். தையல் தாவுகிறதா? ஊசி வளைந்திருக்கும், அல்லது முனை மழுங்கியிருக்கும். ஓட்டம் கனக்கிறதா? பற்களின் அடியிலே பஞ்சு அடைந்திருக்கும், அல்லது எண்ணெய் வற்றியிருக்கும். ஆண்டுக்கொரு நாள் ஆயுத பூசை என்று சந்தனமும் குங்குமமும் அப்பி, மற்ற நாளெல்லாம் எண்ணெய் இடாமல் வாட்டுகிறோமே, அது வழிபாடா, வதையா? தேங்காய் எண்ணெய் வேண்டா. அது நாளடைவில் பிசினாய் இறுகும். இயந்திர எண்ணெய், துளைக்கு ஒரு சொட்டு. பிறகு பழந்துணியிலே ஓட்டிக் கசிவைத் துடைத்தல். குங்குமத்தின் தூளை இயந்திரம் கேட்கவில்லை. நம் கவனத்தைக் கேட்கிறது.

காரணம் தேடும் இப்பழக்கம் இயந்திரத்தோடு நின்றுவிடாது. நூல் ஏன் அறுகிறது என்று கேட்கக் கற்றவள், கூலி ஏன் குறைகிறது என்றும் ஒருநாள் கேட்பாள்.

மூன்றாவது நாள்

அந்தக் கேள்விக்குத்தான் வரலாறு இன்னும் முழு விடை தரவில்லை. இலண்டனிலும் நியூயார்க்கிலும் இயந்திரம் ஏழையின் ஒற்றையறைக்குள் வந்தது. தரகர் வெட்டிய துணியைக் கொடுப்பார். இயந்திரத் தவணை, நூல், விளக்கு யாவும் பெண்ணின் செலவு. கூலி உருப்படிக் கணக்கு. அவள் விரைந்து தைத்தால் உருப்படிக் கூலியைக் குறைத்தனர். 13 மணி நேரம் மிச்சமாகும் என்றார்களே, அந்த மிச்சம் எங்கே? தரகரின் பையிலே! இங்கிலாந்திலே 1909-இலே வந்த சட்டம்தான், ஆயத்த உடை தைத்தல் உள்ளிட்ட நான்கு தொழில்களுக்கு முதன்முதலில் குறைந்த அளவுக் கூலியை வகுக்க வழி செய்தது. நியூயார்க்கிலே 1911 மார்ச் 25-இலே டிரையாங்கிள் ஆடை ஆலை தீப்பற்றியது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். இயந்திரம் அவர்களைக் கொல்லவில்லை, பூட்டு கொன்றது, பூட்டியவனின் பேராசை கொன்றது.

தமிழகத்திலே விதவைகளுக்கும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும், உடற்குறை உடையோர்க்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்துக்கு, 1967-இலே அமைந்த அமைச்சரவையில் இடம்பெற்ற சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. பொருத்தமான பெயர், பொருத்தமான பரிசு. 'அமங்கலம்' என்று சமூகம் ஒதுக்கியவள் அமரும்போது இயந்திரம் முகம் சுளிப்பதில்லை. கழுத்திலே தாலி உண்டா, பிறப்பிலே சாதி என்ன என்று கேட்பதில்லை. நூல் சரியாய்க் கோத்தாயா என்று மட்டுமே கேட்கிறது. நம் சமூகத்தைவிட இரும்பு நாகரிகமுடையது!

எனினும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டதாலேயே கடமை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. தைக்கும் வேலை ஆணும் பெண்ணும் இருவரும் கற்க வேண்டியது. தம்பி தன் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கற்காமல், தங்கையின் தலையிலே இயந்திரத்தைக் கட்டினால், பழைய ஊசியே புதிய உருவிலே வந்ததாகும். தைத்த கூலி அவள் கையிலே சேர வேண்டும். கணவனின் கைக்கோ தரகரின் கைக்கோ அன்று. ஓர் ஊரிலே தைக்கும் பத்துப் பெண்கள் ஒன்றுகூடிக் கூலியைத் தாமே வரையறுக்க வேண்டும். மிச்சமாகும் பொழுதிலே அவள் ஏடு படிக்கவும் கூட்டத்துக்கு வரவும் இடம் வேண்டும். அந்த நாளே மூன்றாவது நாள்.

இளைஞர்களே! அடுத்த முறை அந்த முன்னறையைக் கடக்கும்போது ஓசையைக் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பாரிசிலே நொறுங்கிய 80 இயந்திரங்களும், குமரி மண்ணிலே கிழிந்த குப்பாயங்களும் அந்த ஓசையிலே உண்டு. உள்ளே சென்று ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, இந்த ரவிக்கைக்குக் கூலி என்ன? அது யார் கைக்குப் போகிறது?" விடையைக் கேட்டபின், செய்ய வேண்டிய வேலை உங்களுக்கே விளங்கும்.